ஒரு நாற்காலி எப்போதும் காலி

ஜூன் 9, திங்கள்

காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு மோட்டார் ரூம் மேல். என் மனைவி ஜெயந்திக்கு முட்டி வலி தாங்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் புத்தூர், எலும்பு டாக்டர் கிளினிக்.

இருபது நாற்காலி. ஒருவர் உள்ளே போனால் மற்ற எல்லோரும் எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார வேண்டும். வந்திருப்பவர்கள் அத்தனை பேரும் முட்டிக்காரர்கள், இடுப்புக்காரர்கள்! ஒவ்வொரு தடவையும் ஜெயந்தி என் தோளைப் பிடித்து எழுந்தாள். "டாக்டரப் பாக்குறதுக்குள்ள இன்னொரு முட்டியும் போயிடும்போல."

நிர்வாகம், டாக்டரின் மைத்துனன் பாஸ்கர். நேராகப் போய்ச் சொன்னேன்: நாற்காலிக்கு நம்பர் எழுதுங்கள், வருபவருக்கு டோக்கன் கொடுங்கள், யாரும் நகர வேண்டாம். நம்பரைக் கூப்பிடும் புரோகிராம் நான் எழுதித் தருகிறேன்.

"காலேஜ்ல இருந்தீங்கள்ல சார்? இப்ப?"

"இப்ப இல்ல."

சிரித்துக்கொண்டே தலையாட்டினான். சிரிக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

காலை முழுவதும் கரண்ட் இல்லை. லேப்டாப் சார்ஜ் தீர்வதற்குள் பாதி.

பைதான் மொழியின் லிஸ்டில் முதல் ஆளை எடுத்தால் பின்னால் உள்ள எல்லோரும் ஒரு இடம் நகர்கிறார்கள். அப்படியே புத்தூர் கிளினிக். வேண்டாம். ஆள் அசையக் கூடாது. இரண்டு எண் போதும். 'முன்': அடுத்து கூப்பிட வேண்டிய நாற்காலி. 'பின்': புதிதாக வருபவர் உட்கார வேண்டியது. இருபது தாண்டினால் மறுபடி ஒன்று.

காலேஜில் கடைசித் துறைக் கூட்டத்தில் வெ. சொன்னது: "க்யூவெல்லாம் இப்ப யாரு சார் கையால எழுதுறாங்க? ரெடிமேடா இருக்கு, ஒரு லைன் இம்போர்ட், முடிஞ்சுது." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆறு வருஷம் பின்னால் சேர்ந்தவன். துறைத்தலைவர் பதவி அவனுக்கு. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வருத்தமில்லை. ஜெயந்தி நம்பவில்லை, அது வேறு.

மாலை. சிக்கல். முன், பின் இரண்டும் ஒரே எண்ணில். யாருமே இல்லையென்றாலும் அப்படித்தான், இருபதும் நிரம்பினாலும் அப்படித்தான். வழி: பத்தொன்பதோடு நிறுத்து. ஒரு நாற்காலி எப்போதும் காலி. வேறு வழியும் உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

வாங்க வேண்டியது: இட்லி மாவு, தைலம், பெயின்ட் (வெள்ளை).

ஜூன் 13, வெள்ளி

ஓடுகிறது! கிளினிக் டிவியில் பெரிதாக எண். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா தூங்கியே போனார். பாஸ்கரின் கண் மட்டும் அந்தக் காலி நாற்காலி மேல்.

"சார், ஒரு சேர் சும்மா கெடக்கு."

"காலியாத்தான் இருக்கணும்."

"தெரிஞ்சவங்க வந்தா நடுவுல விடுறதுக்கு ஒரு பட்டன் போட்டுக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முடியாது என்றேன். என் க்யூவுக்கு இரண்டே வேலை: கடைசியில் சேர்ப்பது, முதலில் எடுப்பது. மூன்றாவதை எழுத என் கை வராது.

வேலையை விட்ட பிறகு நான் எழுதி ஓடுகிற ஒரே பொருள் இது. ஓடட்டும்.

ஜூன் 16, திங்கள்

கிளினிக்கில் வெ.! கணுக்காலில் கட்டு. பாஸ்கர் ஓடிப்போய்க் கூட்டி வந்து, டோக்கனே இல்லாமல், காலி நாற்காலியில் உட்காரவைத்தான். அடுத்து கூப்பிட வேண்டியது எட்டு. காலி ஏழு. எட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் முதல் இடம் என்று பாஸ்கருக்கு நினைப்பு. அதுதான் கடைசி இடம். சுற்றி வரும் வரிசையில் தலைக்குப் பக்கத்திலேயே வால். நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"அட, இங்கயா இருக்கீங்க? நல்லது, நல்லது" என்றான்.

எட்டு உள்ளே போனார். வெ. சட்டையை நீவிக்கொண்டான். ஓர் இடம் கிடைத்ததால் வாசலில் நின்றிருந்த, பொன்மலையிலிருந்து வந்த ஒரு அம்மாளுக்கு டோக்கன் வந்தது. ஏழு.

"சார், இது என் சேரு."

"நான் முன்னாடியே உக்காந்திருக்கேன்மா."

"உக்காந்துட்டா ஆச்சா? டோக்கன் எங்க?"

எல்லோரும் பார்த்தார்கள். வெ. எழுந்தான். டிவியில் ஒன்பது.

பாஸ்கர் என்னை மருந்து ரூமுக்குள் இழுத்தான். "நாளைக்குப் பட்டனோட வாங்க. இல்லாட்டி டிவிய ஆஃப் பண்ணிடுவேன். பழையபடி தள்ளித் தள்ளி உக்காரட்டும்."

"பண்ணிக்குங்க."

வீட்டில் ஜெயந்தி: "ஒரு பட்டன்தானேங்க. இதுவாவது நெலைக்கட்டுமே."

"அதப் போட்டா நாளைக்கு உன்னத் தாண்டித்தான் வெ. உள்ள போவான்."

முட்டியை நீட்டினாள். தைலம் தேய்த்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. ஜெயந்தியை டாக்டர் மறுபடி வரச்சொன்ன நாள். பட்டன் எழுதவில்லை. அவளுக்கு டோக்கன் பதினாலு.

பாஸ்கர் பென்டிரைவுக்குக் கையை நீட்டினான். இல்லை என்று தலையாட்டினேன். டிவியை அணைத்தான். பத்தாம் நாற்காலிக்காரர் அப்போதுதான் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"எல்லாரும் ஒரு சேர் தள்ளி உக்காருங்க!"

யாரும் எழவில்லை.

"உங்களத்தாங்க."

இடுப்பில் பெல்ட் கட்டிய பெரியவர்: "என் நம்பரு பதினொண்ணு. கூப்பிடுங்க, வரேன். சும்மாச் சும்மா எந்திரிக்க முடியாது."

"நான் பன்னெண்டு" என்றது ஒரு குரல்.

"பதினாலு இங்க. அசைய மாட்டேன்." ஜெயந்தி. என்னைப் பார்க்கவில்லை, பாஸ்கரைப் பார்த்துச் சொன்னாள்.

உள்ளே டாக்டர் மணி அடித்தார். மறுபடி அடித்தார். பாஸ்கர் இருண்ட டிவியைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"பதினொண்ணு!"