குரல் மட்டும் இருக்கிற படம்

என் அமுதாக்காவுக்கு,

நம்ம படத்தைப் போட்டுக் காட்டியாச்சு. போன ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்ததும், விருத்தாசலத்தில் உங்க வூட்டுக்கு எதிரே இருக்கிற காலி மனையில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினோம். இதை முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தால் உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நம்ம பத்திரிகையிலேயே போடப்போகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிக்கட்டும்.

என் கல்யாணத்தில்தான் உன்னை முதலில் பார்த்தேன். மங்கலம்பேட்டையில் பெண்கள் பக்கம் வீடியோ எடுக்க ஆம்பளைகளை விடமாட்டார்கள். விருத்தாசலத்தில் ஒரு பொம்பளை கேமரா வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு என்னைப் பெத்த அத்தா உன்னைத் தேடிப் பிடித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். "சிரிம்மா, வீடியோ எடுக்கறாங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். நீ கேமராவை மடியில் இறக்கி வைத்துவிட்டு, "அழுவட்டும் வுடுங்க. நான் அப்புறமா எடுத்துக்கறேன்" என்றாய். அந்த வீட்டில் அன்றைக்கு என்னை அழவிட்டது நீ ஒருத்திதான்.

என்னைக் கட்டின மச்சான் துபாய் வேலைக்குத் திரும்பியதும் வீட்டில் நானும் மாமியாரும்தான். கல்யாண வீடியோவைக் கொடுக்க வந்தவள், நாலு பக்கப் பத்திரிகை ஒன்றையும் கொடுத்தாய். பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்களிடம் கேட்டு, நீயே எழுதி, நீயே ஜெராக்ஸ் போட்டு, பஸ் ஸ்டாண்டில் நீயே விற்ற பத்திரிகை. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. நான் சத்தமாக வாசித்தேன். போகக் கிளம்பினவள் வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"உன் கொரலு நல்லாருக்குதே ரஹ்மத்து. இத போன்ல பதிஞ்சி அனுப்புனா படிக்கத் தெரியாதவங்களும் கேப்பாங்க. செய்வமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. எங்கள் சமையல்கட்டில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வழிய வழிய வாசித்தேன். வாட்ஸப்பில் போன குரல் எங்கெங்கோ சுற்றி துபாயில் மச்சான் தங்கியிருக்கிற ரூமுக்கும் போய்ச் சேர்ந்தது. "எங்க ரூம்ல எல்லாரும் ஒன் கொரலத்தான் கேக்குறாங்க" என்று அவர் போனில் சொன்னபோது, அது கோபமா பெருமையா என்று தெரியாமல் பயந்துபோனேன். "பெருமதான்டி" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். எப்போதிலிருந்து உன்னை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்தேன் அக்கா? அதன் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

திட்டக்குடி, வேப்பூர் என்று கல்யாண வீடியோ எடுக்க உன்னோடு நானும் வர ஆரம்பித்தேன். மற்ற நாளெல்லாம் உன் படம்தான். அச்சில் களிமண் கூழை ஊற்றுகிற பெண்கள், பீங்கான் ஃபியூஸ் கட்டையைத் துடைத்து அடுக்குகிற பெண்கள், அவர்களில் ஒருத்தராக உன் அம்மா. உள்ளே விடாத கம்பெனிகளின் வாசலில் நின்று, வேலை முடிந்து வருகிறவர்களோடு நடந்துகொண்டே எடுத்தாய். நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வருவேன்.

பிறகு உன் வலது கை மேலே எழும்பவில்லை. "தோள் புடிச்சிக்கிச்சு. கேமரா கனம்" என்றாய். கேமராவை நான் வாங்கிக்கொண்டேன். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, என் கையைப் பிடித்து உன் முந்தானைக்குள் கொண்டுபோய் அக்குளுக்குப் பக்கத்தில் வைத்தாய். கல்லு மாதிரி இருந்தது.

"எத்தினி நாளா இருக்குதுக்கா?"

"படம் முடியட்டும்னு இருந்தேன்."

அதைச் சொல்லும்போது நீ என்னைப் பார்க்கவில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அவங்க மெதுவாகப் பேசினாங்க. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைவிடப் பெருசா அக்கா அந்தப் படம்? யார் உன்னிடம் கேட்டார்கள்? அழுது முடித்துவிட்டேன் என்று நினைக்கிறபோதெல்லாம் இந்தக் கோபம் வந்து மறுபடி அழவைக்கிறது.

கட்டிலில் லேப்டாப்பை வைத்து நான் ஒவ்வொரு துண்டாகக் காட்ட, இருக்கட்டும், வெட்டு என்று நீ கண்ணாலேயே சொன்னாய். ஒருமுறைதான் வாய் திறந்து பேசினாய். "எம்மூஞ்சி எங்கயும் வரக் கூடாதுடி. இது அவங்க படம்."

வருவதற்கு உன் முகம் எங்கே இருந்தது? நீ போன அன்றைக்கு அஞ்சலி பேனருக்குப் போட்டோ கேட்டார்கள். உன் போன், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் தேடினேன். யார் யார் முகமோ இருந்தது. எத்தனை மணப்பெண்கள், எத்தனை குழந்தைகள். உன்னுடையது ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்தார்கள். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தோம். தெருவே திரண்டு வந்திருந்தது. தங்களைத் துணியில் பார்த்ததும் பெண்களெல்லாம் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா வருகிற இடம் வந்தது. தலையைக் குனிந்தபடி ஸ்பாஞ்சால் ஒரு ஜாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து நீ கேட்கிறாய்: "ம்மா, காலையில சாப்டியா?" படத்தில் இருக்கிற அம்மா நிமிரவில்லை. கை மட்டும் ஓடுகிறது.

முன்வரிசையிலிருந்து பதில் வந்தது. "சாப்ட்டேன்டி. நீ?"

அம்மா துணியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நீ அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். "இந்த அச்சு என்னா கனம் இருக்கும்?" என்று கேட்டாய்.

எல்லாரும் கலைந்து போன பிறகு அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவ பேசறத மறுபடி போடறியாம்மா?" போட்டேன். மறுபடியும் அதே பதிலைச் சொன்னார். மறுபடியும் காத்திருந்தார். என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை.

பத்திரிகை நிற்காது, நான் வாசிப்பதும் நிற்காது. அதெல்லாம் நீ கேட்காமலே தெரியும் உனக்கு. இது வேறு. அம்மா கூப்பிடும்போதெல்லாம் வந்து அந்தத் துண்டைப் போட்டுக் காட்டுவேன். கூப்பிடாத நாளிலும் வருவேன். வந்து, சாப்ட்டியாம்மா என்று நானே கேட்பேன். 'நீ?' என்று அவர் திருப்பிக் கேட்டால், பதில் சொல்ல அந்த வூட்டில் ஒருத்தி இருப்பாள்.

உன் வூட்டுப் பொண்ணாகவே ஆகிப்போன தங்கச்சி,
ரஹ்மத்