கேனுக்குள் போன அதிகாலை

மார்ச் 3
முட்டி இரண்டும் இன்று வேலைநிறுத்தம். எட்டு மாடி லிஃப்டை ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை ஏற்றி இறக்கும் சக்கரவர்த்திக்கு ஒரு முக்காலிதான் சிம்மாசனம். ஆனாலும் நல்ல செய்தி. என் ரத்தம் அக்கா மகளுக்குப் பொருந்திவிட்டது. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கிறாள் என் சுண்டெலி. என் சிறுநீரகம் ஒன்று இனி அவளுக்கு. அது ஒழுங்காக வடிகட்டுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமாம்.

மார்ச் 5
லேப் அம்மாள் ஐந்து லிட்டர் கேனைக் கையில் கொடுத்தார். நாளை காலை ஆறு முதல் மறுநாள் ஆறு வரை போகிற சிறுநீரை ஒரு சொட்டு சிந்தாமல் சேர்க்க வேண்டும். கிரியேட்டினின் என்ற கழிவு இதில் எவ்வளவு, ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தால், நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் சுத்தமாகிறது என்று தெரிந்துவிடுமாம். எண்பதைத் தாண்ட வேண்டும். தினம் நூற்றெண்பது லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகிறதாம் சிறுநீரகம். நான்கூட அவ்வளவு கஞ்சனில்லை.

மார்ச் 6
எழுந்ததும் முதலில் போவதைக் கீழே விடச் சொல்லியிருந்தார். அந்த வெள்ளப்பெருக்கையா? கேனுக்குள் போனது.
முக்காலிக்கு அடியில் கேனைப் பார்த்துவிட்டு மூன்றாம் மாடி கிளார்க் கேட்டான்: "அண்ணே, ஜூஸ் யாவாரமா?"
"உனக்குக் கட்டுப்படியாகாது, போ."

மார்ச் 9
எண்பத்தெட்டு! எட்டு மாடியிலும் அறிவித்தேன்.

மார்ச் 10
டயாலிசிஸ் அறை. உதடு நனைய ஒரு ஐஸ் துண்டை வைத்துக்கொண்டிருந்தாள். குடிக்க முக்கால் லிட்டர்தான் அவளுக்கு, நாள் முழுக்க. வெள்ளப்பெருக்குக் கதையை அளந்தேன். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.
"மாமா, அது ராத்திரி முழுக்க சேர்ந்தது. முந்தின நாளுது. அதையும் சேத்தா எண் ஏறிடும்."
"ஏறினா நல்லதுதானேடி?"
"எண்ணுதான் ஏறும். கிட்னி அதேதான். போய் சொல்லுங்க."

மார்ச் 11
வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்புறம்? பாதி வேலை செய்கிறதை அவளுக்குத் தந்துவிட்டு, மீதிப் பாதியோடு நான்... சே. லேப் அம்மாளிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. புதுக் கேன் தந்தார்.

மார்ச் 13
காலையில் முதலில் போனதைக் கீழே விட்டேன். சாம்ராஜ்யமே வடிந்த மாதிரி இருந்தது.

மார்ச் 17
அறுபத்தாறு.
"ரெண்டுமே உங்களுக்கே வேணும் சார்" என்றார் டாக்டர். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டுமாம். லிஃப்டில் இன்று மாடி எண்ணை மட்டும் அறிவித்தேன்.

மார்ச் 24
அவள் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊசி இல்லாத கையால் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.
"குடிங்க."
"உன் முன்னாடி எப்படிடி?"
"என் முன்னாடிதான். நல்லா சத்தமா குடிங்க மாமா."
குடித்தேன். பாட்டில் காலியாகும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.