பின்சுவரில் நான்கு கட்டம்

ஜனவரி 9, 2006

பனி. எட்டு மணிக்கு மேல்தான் வெயில். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி முன்பு கேட்டாள்: "சுண்ணாம்பு காயறதுக்கு வெயில் வேணுமா டீச்சர், காத்து வேணுமா?" காற்று என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அதைச் செய்து பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது, எங்கள் சர்ச்சின் பின்சுவரில்.

முன்சுவரின் பழைய சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுகிறது. ஈஸ்டருக்குள் பூசியாக வேண்டும். கமிட்டிச் செயலாளர் செல்வராஜுக்குச் சிமெண்ட்தான். பனியன் கம்பெனி நடத்துபவர், எல்லாம் சீக்கிரம் முடிய வேண்டும். பழைய செங்கலுக்குச் சிமெண்ட், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவது மாதிரி, வேர்வை வெளியே வராது என்றேன். சிரித்தார்.

"கூட்டத்துக்குள்ள உங்க சுண்ணாம்பு நிக்கும்னு காட்டிப்போடுங்க டீச்சர். இல்லீனா சிமெண்ட்தானுங்க."

நியாயம்தான். கூட்டம் பிப்ரவரி முதல் ஞாயிறு.

விழுந்த காரைத் துண்டு ஒன்றை வினிகரில் போட்டேன். நன்றாக நுரைத்தது. சுண்ணாம்பு கரைந்த பின் மிச்சம்: பெருமணல், சிவப்பாகச் செங்கல் தூள். அதைப் பார்த்து நான்கு கலவை. பின்சுவரில் கட்டம் கட்டமாக:

அ – சுண்ணாம்பு 1, மணல் 2
ஆ – சு. 1, ம. 3
இ – ஆ போலவே, மணலில் கொஞ்சத்துக்குப் பதில் செங்கல் தூள்
ஈ – இ, கூடவே கடுக்காய் ஊறிய தண்ணீர்

பூசியது கொத்தனார் கருப்புசாமி. ஈரம் போகாமலிருக்க மேலே பனியன் வேஸ்ட் துணி, செல்வராஜ் கொடுத்தது. தினமும் நனைக்க வேண்டும்.

வாங்க: மஞ்சள் தூள், பிரஷர் மாத்திரை.

ஜனவரி 21

துணியை எடுத்தாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஓரத்தை உடைத்து மஞ்சள் தண்ணீர் தடவினேன். மேல்புறம் மஞ்சளாகவே நின்றது, உள்ளே சிவந்தது. சிவந்த இடம் இன்னும் காற்றுப் பட்டு இறுகாத பச்சைச் சுண்ணாம்பு. அவசரமாக இறக்கிய இட்லி மாதிரி, நடு வேகவில்லை.

"ஏனுங்க டீச்சர், செவுத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்திச் சீரு வெக்கறீங்களா?" கருப்புசாமி.

"மாமன் சீரு நீங்கதான் கொண்டு வரணும்."

"நமக்குச் செவுரு முறையாகாதுங்க."

ஆணியால் கீறினேன். அ-வில் மயிரிழை வெடிப்பு. ஆ உதிர்கிறது. இ நன்று. ஈ-யும் நன்று, ஆனால் நிறம் கறுத்திருக்கிறது. இ-தான். மதியம் நல்ல தூக்கம்.

ஜனவரி 27

மோசம். நான்கு கட்டத்திலும் வெள்ளையாக, பூஞ்சணம் மாதிரி. மேற்பரப்பு தொட்டால் பொடிகிறது. இ-யும் அப்படித்தான். செல்வராஜ் வந்து பார்த்தார், விரலால் தேய்த்தார்.

"சிமெண்ட்டுன்னா இந்த வம்பு இருக்குங்களா?"

கொஞ்சம் வெள்ளையைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.

மாலை. சுரண்டி எடுத்து வந்த வெள்ளையை வினிகரில் போட்டேன். நுரைக்கவில்லை. தண்ணீரில் போட்டால் உடனே கரைகிறது. சுண்ணாம்பு அப்படிக் கரையாது. நாக்கில் வைத்தேன். உப்பு.

எங்கிருந்து? மணலா, பனியன் துணியா? பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன். என் அடுக்களையில் இரண்டு குடம். சமைக்க நல்ல தண்ணி, கழுவ உப்புத் தண்ணி. கட்டடம் என்றால் போர்வெல் உப்புத் தண்ணிதான், இந்த ஊரில் கேள்வியே கிடையாது. நானும் கேட்கவில்லை. வகுப்பு வகுப்பாகக் கேள்வி கேட்டவள்.

இரண்டு எவர்சில்வர் மூடியில் இ-கலவை. ஒன்றுக்கு நல்ல தண்ணி, ஒன்றுக்கு போர் தண்ணி. மணலும் துணியும் இரண்டுக்கும் ஒன்றே.

பிப்ரவரி 3

காற்று அதிகம். போர் தண்ணி மூடியில் வெள்ளை பூத்திருக்கிறது. மற்றது சுத்தம்.

சந்தோஷப்பட முடியவில்லை. குழாயில் நல்ல தண்ணி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"நல்ல தண்ணியச் செவுத்துக்கு ஊத்துனேன்னு தெரிஞ்சா எங்கூட்டுக்காரி என்னைய ஊட்டுக்குள்ளயே சேத்தமாட்டாளுங்க" என்கிறார் கருப்புசாமி.

பிப்ரவரி 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து கூட்டம். மேசை மேல் இரண்டு மூடியையும் வைத்தேன். செல்வராஜ் வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"எங்க தம்பி டையிங் பட்டறையில உப்ப மூட்டை மூட்டையாப் போடறானுங்க. கலர் ஏறோணுமல்ல. பின்ன அது எங்க போகும்?"

பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர், வேலம்பாளையத்தில் டெய்லர்: "குடிக்கறதுக்கே தண்ணியக் காணோம். செவுத்துக்கு என்னங்க இப்ப?"

சரியான கேள்வி. அதையே சொன்னேன். சிமெண்ட் பூசினால் அதையும் உப்பு தள்ளிவிடும், கூடவே செங்கலும் பெயர்ந்து வரும் என்றும் சொன்னேன்.

முடிவு: முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு. கொடுக்க முடிந்த வீட்டார், குழாயில் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் தருவது.

"மறுக்காப் பூத்துதுன்னா சிமெண்ட்தானுங்க டீச்சர்" என்றார் செல்வராஜ்.

"சரிங்க."

எஸ்தரிடம் போய் ஒரு குடம் கேட்டேன். "பாப்போமுங்க" என்று குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டு வந்தேன்:

கொண்டுவரும் தண்ணீரில் ஒரு கரண்டியைத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்ற வையுங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் அந்தத் தண்ணீர் சுவருக்கு வேண்டாம்.