துப்பாக்கி முள்ளும் உங்கள் கழுத்தும்

நேற்றுக் காலையில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பேத்தி தைலம் தேய்த்துவிட்டாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்ன ஆச்சி, வலிக்குன்னு சொல்லிட்டுச் சிரிக்கீக?" என்றாள். உங்களை நினைத்துச் சிரித்தேன். சின்னப்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்ல? உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கழுத்து பிடித்துக்கொண்ட அந்த வருடம் மழை இல்லாமல் பருத்தியும் உளுந்தும் கரிந்து போயின. மகளை நர்சிங்கில் சேர்த்திருந்தோம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த உங்களுக்குக் கோவில்பட்டியில் வங்கிக் காவல் வேலை. வீட்டில் உலை கொதித்தது அந்த வேலையால்தான். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் அந்த வேலை. நம்மிடம் இருந்ததோ, ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளுகிற பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. வயதில் உங்களுக்கு மூத்தது. குண்டு பாய்கிற குழலான பேரலின் உள்பக்கம் துரு அரித்து, குண்டு எங்கே போகும் என்று குண்டுக்கே தெரியாத நிலை. திங்கட்கிழமை சுட்டுக் காட்ட வேண்டும், குறி தப்பினால் வேறு ஆள் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

அந்த அவசரத்திலா மிளகாய் வத்தல் மூடையைத் தலைக்கு மேலே தூக்குவீர்கள்? கழுத்து இடப்பக்கம் சாய்ந்து, கோழி கூரையைப் பார்ப்பது போல நின்றுவிட்டது. சுளுக்கு எடுக்கிறவரிடம் போகச் சொன்னேன். "பட்டாளத்து ஒடம்புட்டி இது. சுளுக்காவது மண்ணாவது!" என்றீர்கள்.

அந்தக் கழுத்தோடுதான் வெள்ளிக்கிழமை துப்பாக்கியையும் அனுமதிச் சீட்டையும், துருப்பிடித்ததற்குப் பதிலாக வாங்கிய புதுப் பேரலையும் எடுத்துக்கொண்டு துப்பாக்கி மெக்கானிக்கிடம் போனீர்கள். பேரலைத் திருகி மாட்டும்போது, அதன் நுனியில் உள்ள குறிமுள் உச்சியில் நேராக வந்து நிற்க வேண்டுமாம். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்று அந்த மனுஷனை விரட்டி, நீங்களே எதிரே நின்று நேர் பார்த்து, "போதும், நிறுத்தும்!" என்று கட்டளை போட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பார்த்தேன்.

"இங்கேருங்க, முள்ளு சாஞ்சுல்லா இருக்கு."

"ஏட்டி, இருவது வருசம் குறி பாத்த கண்ணு இது. அஞ்சாங்கிளாசு படிச்சவ எனக்குச் சொல்ல வந்துட்டா!"

"கண்ணு நேராத்தான் இருக்கு. அது இருக்க தலைதான் சாஞ்சிருக்கு."

தோட்டா இல்லை என்று உங்களையே இரண்டு தடவை பார்க்கச் சொல்லிவிட்டு, துப்பாக்கியை இரண்டு வத்தல் மூடைகளுக்கு நடுவே கிடையாகச் செருகினேன். தையல் நூலில் வாசல் பூட்டைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போலத் துப்பாக்கி முனைக்கு முன்னால் தொங்கவிட்டேன். அடியில் இருக்கிற தோட்டாப் பெட்டி நூலுக்கு நேராக நின்றது. மேலே முள் மட்டும் நூலை விட்டு விலகி, உங்களைப் போலவே ஒரு பக்கமாய் நின்றது. குனிந்து பார்த்தீர்கள். வத்தல் நெடியில் ஒரு தும்மல் வந்தது. அந்தக் கழுத்தோடு தும்மிய தும்மலும், அதற்குப் போட்ட கூப்பாடும் தெரு முழுக்கக் கேட்டன.

மறுநாள் இருவருமாகப் போனோம். மெக்கானிக் நூலையும் பூட்டையும் பார்த்தார். "நான் அன்னைக்கே இன்னும் கொஞ்சம் திருகணும்னேன். அண்ணாச்சிதான் கேக்கல. இன்னைக்கு நீங்க சொல்லுங்க மதினி" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் திருகினார். "இன்னும்... இன்னும் ஒரு எள்ளளவு... போதும்!" நீங்கள் வெளியே போய் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

திங்கட்கிழமை ஒரு குண்டுகூடக் குறி தப்பவில்லை. வேலை நிலைத்தது. பிள்ளை படிப்பும் பிழைத்தது. சாயங்காலம் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம், "பேரல் மாட்டும்போது நானே நேர் பாத்தேன்லா!" என்று நீங்கள் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. தட்டில் வெறும் சோற்றை வைத்தேன்.

"கொழம்பு?"

"நேர் பாத்து நீங்களே ஊத்திக்கிடுங்க."

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க மகளோடு போனேன். ஏட்டையா அதைத் தூக்கிக் குறி பார்த்துவிட்டு, "அடேயப்பா, பழைய துப்பாக்கியில புதுப் பேரல இவ்வளவு நேரா மாட்டியிருக்காங்களே! யாரும்மா பாத்து மாட்டுனது?" என்று கேட்டார். எத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி! மகள் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, வாய் திறந்தது.

"அவியதான்" என்று உங்களைத்தான் சொல்லிவிட்டது அந்த வாய்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இன்னொரு தடவை யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன் போலிருக்கிறது.