கூப்பன் போட்டது நான் இல்லை

களக்காடு,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மகன் ஜெய்சனுக்கு, அம்மா எழுதுதேன். ஆண்டவர் கிருபையில நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்த ஆக்லாந்து குளிர்ல சளி இருமல் இல்லாம இருக்கணும்னு தினமும் ஜெபத்துல கேக்கேன். போன்ல சொன்னா பாதியிலயே சரிம்மா சரிம்மான்னு முடிச்சிருவ, அதான் எழுதுதேன், முழுசா வாசி. தோட்டத்து வாழை குலை தள்ளிட்டு, போன வாரக் காத்துல நாலஞ்சு சாஞ்சதோட சரி. அப்பாவுக்கு முட்டுவலி பரவாயில்ல, ஆனா நடக்கப் போறேன்னு சொல்லிட்டு டீக்கடையோட திரும்பிருதாங்க.

விஷயத்துக்கு வாறேன். நீ வச்சுக் குடுத்த ஆன்லைன் கடையில வாழைப்பூ தொக்கும் வாழைக்கா வத்தலும் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்திச்சு. ஒருநா காலையில பாத்தா ஆர்டர் வந்து குவியுது, அசாம்ல இருந்தெல்லாம் தொக்கு கேக்காங்க. ஜெபத்துக்குப் பலன்னு நினைச்சு அப்பாவை வாழைப்பூ வாங்க அனுப்பிட்டேன். அவங்க ஆட்டோ நிறைய வாங்கிட்டு வந்து இறக்கின பிறகுதான் தெரியுது, ஒருத்தரும் காசு கட்டல, எல்லாரும் ஏதோ கூப்பன் போட்டு சும்மா எடுத்திருக்காங்க. நம்ம சபைச் செயலாளர் அண்ணாச்சியும் ஆறு பாட்டிலுக்கு ஆர்டர் போட்டுட்டு, கோயில்ல என்னைப் பாத்து ஸ்தோத்திரம் மட்டும் சொன்னாங்க. கூப்பனை யாரு உண்டாக்கினதுன்னு பாத்தா என் பேரு இருக்கு. உங்கம்மாவுக்குத் தாராள மனசுன்னு அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரிச்சாங்க. நீயும் போன்ல, வயசாகுதுல்லாம்மா, மறதியில எதையாவது அமுக்கியிருப்பீங்க, பாளையங்கோட்டையில நரம்பு டாக்டரை ஒருதடவை பாத்துருங்கன்னு பைய சொன்ன. சத்தமா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், பைய சொன்னதுதான் சுருக்குன்னு தச்சிட்டு. அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு என்னை நானே சந்தேகப்பட ஆரம்பிச்சேன். தெரிஞ்ச சங்கீதத்தையெல்லாம் பாக்காம சொல்லிப் பாத்தேன், ஒரு வரி தப்பல, ஆனாலும் பயம் விடல.

பிறகு ஒருநா அந்தக் கூப்பனை அழிச்சிட்டு அப்பா எனக்குப் பாடம் எடுக்க உக்காந்தாங்க. என் பேர்ல கடையைத் திறந்து வச்சுக்கிட்டு, அன்னைக்கு கம்ப்யூட்டர்ல வேற என்ன பாத்தன்னு கேட்டாங்க. மகளிர் குழு வாட்ஸப்புல கூரியர் கட்டணம் குறைவுன்னு ஒரு லிங்க் வந்திச்சு, திறந்தேன், வெறும் லாரி படந்தான் இருந்திச்சு, மூடிட்டேன்னேன். அவங்களும் அதைத் திறந்து பாத்தாங்க. திரும்பக் கடைப் பக்கத்துக்கு வந்தா, அழிச்ச கூப்பன் புதுசா நிக்கி, உண்டாக்கினது சாரம்மாள்னு. நான் அவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டே கையெல்லாம் எண்ணெயோட அடுப்படியில நின்னு வாழைப்பூ ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கேன்.

உடனே கடை சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டோம். ஸ்டெபின்னு ஒரு பிள்ளை எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, மறுநாள் கூப்பிட்டு விளக்கிச்சு. நான் கடைக்குள்ள லாகின்ல இருக்கும்போதே அந்த லாரிப் படப் பக்கம் கமுக்கமா, இப்படி ஒரு கூப்பன் போடுன்னு நம்ம கடைக்கு ஒரு உத்தரவு அனுப்பியிருக்கு. என் கம்ப்யூட்டர் அதை என் அடையாளத்தோடயே கொண்டுபோய்க் குடுத்திருக்கு. கடையும் சாரம்மாள்தான் சொல்லுதான்னு நம்பிச் செஞ்சிட்டு. பிறகு அந்த லிங்க் அனுப்பினவங்க கூப்பன் நம்பரை ஊரெல்லாம் பரப்பி விட்டிருக்காங்க. நம்ம கடைப் பக்கத்துல இருந்து வாற உத்தரவுதானான்னு தெரிய, அதுகூடவே ஒரு ரகசியக் குறியும் வரணுமாம், வெளிப் பக்கத்துக்கு அது தெரியாதாம். கூப்பன் இடத்துல மட்டும் அதைச் சரிபாக்க அவங்க மறந்துட்டாங்களாம். மறந்துட்டோம் ஆன்ட்டின்னு அந்தப் பிள்ளை சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துட்டு. ஸ்பீக்கர்ல போட்டு இன்னொரு தடவை சொல்லுமான்னு அப்பாவையும் கேக்க வச்சேன்.

இப்ப சரிபண்ணிட்டாங்க. சும்மா வந்த ஆர்டரையெல்லாம் ரத்து பண்ணி மன்னிப்பு எழுதிட்டேன். செயலாளர் அண்ணாச்சி மட்டும் தொக்கு எப்ப வரும்னு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. வாங்கிக் குவிச்ச வாழைப்பூ பூராத்துக்கும் அப்பாதான் நரம்பு எடுத்தாங்க.

நீயும் பேங்க் பக்கம் திறந்திருக்கும்போது வேற லிங்க்கைத் தொடாத, வேலை முடிஞ்சா லாக் அவுட் பண்ணு, தலைக்குக் குளிச்சா நல்லாத் துவட்டு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அடுத்து போன் பேசும்போது இதைப் பத்தி வருத்தமெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத ஐயா. தொக்கு எப்படிம்மா வச்சீங்கன்னு கேளு, நான் முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் போனை வச்சிராத.

உன்மேல் உயிரா இருக்கும் அம்மா,
சாரம்மாள்