முகமூடிக்காரர் லீனாவுக்கு என்ன உறவு?

என் செல்லச் சண்டைக்கார ரவி மாமாவுக்கு,

கடைசிப் பாகம் வந்துவிட்டது! பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கியதை நானே உருவினேன். நீங்கள் இல்லாமல் வாங்கிய முதல் படக்கதை. நசரத்பேட்டை வரும்வரை பிரிக்கவே இல்லை, தெரியுமா?

நம் சண்டை நினைவிருக்கிறதா? லீனா ஆபத்தில் மாட்டும்போதெல்லாம் வந்து காப்பாற்றிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போகிறாரே, அந்த முகமூடிக்காரர் யார்? கடலில் மூழ்கிப்போனதாகச் சொல்லப்பட்ட அவளுடைய அப்பாதான் என்றேன் நான். இருவரும் இடது கையால் எழுதுவதையும், இருவருக்கும் மோவாயில் ஒரே குழி விழுவதையும் பழைய புத்தகங்களைப் பரப்பிக் காட்டினேன். நீங்களோ பட்டறையிலிருந்து வந்த எண்ணெய்க் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்து, தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள்.

"அவ பொறந்தநாளுக்கு வந்தான், நகைய வச்சான், யார்கிட்டயோ மொறச்சிகினு சாப்டாம பூட்டான். தாய்மாமன தவிர வேற எவன் இப்டி பண்ணுவான், கண்ணு?"

வெள்ளைக்காரர் ஊரில் ஏது சீரும் தாய்மாமனும் என்றால், மாமன் இல்லாத ஊர் உண்டா என்று என்னையே மடக்கினீர்கள். தோற்றவர் என் குட்டித் தம்பியின் காதுகுத்தில் முகமூடி போட வேண்டும் என்பது பந்தயம். பிஸ்கட் அட்டையில் அதையும் நீங்களே வெட்டி வைத்தீர்கள். அப்புறம்தான் உங்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் வந்தது.

மாமா, கடைசிப் பக்கத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டார். அப்பாதான். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் யாரிடம் போய்க் கத்துவது?

இதற்கிடையில் காதுகுத்தே வேண்டாம் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். கூடப் பிறந்தவன் மடி இல்லாமல் என்ன காதுகுத்து என்றாள். ஒன்றுவிட்ட மாமாக்கள் பேரை எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் காதில் ஏறவில்லை. நான் உட்காருகிறேன் என்றேன். அக்கா மடியில் குத்துகிற வழக்கம் எங்கே உண்டு என்று ஒரே சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்காமல், சரி என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஊசியைப் பார்த்ததும் தம்பி அலற ஆரம்பித்தான். நான் உங்கள் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். தோற்றது நீங்கள், உங்கள் சார்பில் நான். அவன் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். ஒரு காது அப்படியே முடிந்தது. இரண்டாவது காதுக்கு அவனை ஏமாற்ற முடியவில்லை. என் பாவாடையை நனைத்தும் விட்டான்!

போட்டோக்காரர் முகமூடியைக் கழற்றச் சொன்னார். அம்மா தடுத்துவிட்டாள்.

"இருக்கட்டும்பா. என் தம்பிதான் உக்காந்துகினு கீறான்."

இப்போது சொல்லுங்கள், யார் ஜெயித்தது? புத்தகத்தில் நான்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நம் வீட்டு போட்டோவில் முகமூடிக்காரர் தாய்மாமன்தானே?

தம்பி எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் எல்லாப் பாகங்களையும் அவனிடம் கொடுப்பேன். உங்கள் கட்சியை நீங்கள் பேசுகிற மாதிரியே பேசுவேன். கடைசிப் பக்கத்தை மட்டும் அவனாக வந்து சேரும்வரை சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

உங்களிடம் ஜெயித்தும் உங்களுக்காக முகமூடி போட்ட,
அக்கா மகள் கலா