மணலுக்குக் காற்றுக் குறைத்து

இந்த எழுத்தைப் பார்த்து நீ முதலில் சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு வாசி. ஒரு வரி வரம்பில் நடக்கிறது, அடுத்த வரி வாய்க்காலுக்குள் இறங்குகிறது. மண்வெட்டி பிடித்த கை பென்சிலையும் அப்படியே பிடிக்கிறது. முனை உடைந்துகொண்டே இருக்கிறது. சனசமூக நிலையத்தில் முதியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் இந்த வருடம்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். நான் எழுதுகிற முதல் கடிதம் இது. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

இன்று காலையில் முற்றத்தில் சொலூசன் மணத்தது. ரியூபுக்கு ஒட்டுப் போடுகிற அந்தப் பசையின் மணம் மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே போனேன். எங்கள் மகளின் மகள், நீ கண்மூடிய பிறகு பிறந்த பேத்தி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளில், பகல் முழுக்க ஓடுகிற போட்டிக்குப் போகிறாள். அவளுடைய சைக்கிளுக்கு மலைச் சைக்கிள் என்று பெயராம்.

“யாழ்ப்பாணத்திலை மலை எங்கை பிள்ளை இருக்கு?” என்று கேட்டேன்.

“அதுதான் அம்மப்பா மணலிலை ஓடிப் பழகிறன். மணல் மலையைவிடப் பொல்லாதது.”

அதைக் கேட்டதும் நீ வந்து என் பக்கத்தில் நின்றாய்.

அந்தக் காலத்தில் அச்சுவேலிச் சந்தைக்கு வெங்காயமும் மிளகாயும் கொண்டுபோவது நீதான். யுத்தத்தால் சாமான்கள் எதுவும் வராத காலம். ரயர் கண்ணால் காணக் கிடைக்காது. உன் சைக்கிளின் இரண்டு ரயரும் தேய்ந்து, வெடித்த இடங்களில் பழைய ரயர்த் துண்டு வைத்து மீன் வலை நூலால் நான் தைத்தவை. அவை போனால் சந்தையும் போய்விடும். வெங்காயம் வீட்டிலேயே முளைக்கும். அந்தப் பயத்தோடுதான் தினமும் உன்னை அனுப்பிவிட்டு, நீ திரும்பி வரும் மணிச் சத்தத்துக்குக் காத்திருப்பேன்.

அப்போதுதான் சனசமூக நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நீ நின்று வாசித்துச் சொன்னாய். நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம். தார் வீதி முழுவதும் செல் விழுந்த குழிகள் என்பதால் வீதியிலேயே ஏறாமல், பனங்காணி, தோட்ட வரம்பு, தொண்டைமானாற்றுக் கரை, பிறகு கல்லுத்தரை என்று வல்வெட்டித்துறைக் கடற்கரை வரை போய், வேறு வழியால் அச்சுவேலிக்குத் திரும்ப வேண்டும். முதலாம் பரிசு இரண்டு புது ரயர். இரண்டாம் பரிசு ஒரு ரயர். மூன்றாவதற்கு ஒரு ரியூப்.

பெயர் கொடுக்கப் போன இடத்தில் தலைவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார். “தங்கச்சி, பொம்பிளையளுக்கு மெதுவான சைக்கிள் ஓட்டம் இருக்கு. அதுக்கு எழுதட்டோ?”

“நோட்டீசிலை ஆரும் ஓடலாம் எண்டுதானே எழுதினீங்கள்? மெதுவா ஓட எனக்கு நேரமில்லை அண்ணை. நான் ஒருநாளும் சந்தைக்கு மெதுவாப் போனதில்லை.”

வீட்டுக்கு வந்து நான்தான் மறித்தேன். “இஞ்சை பார், ஓடேக்கை உள்ள ரயரும் வெடிச்சா என்ன செய்யிறது?”

“இஞ்சாருங்கோ, அது வெடிக்கத்தான் போகுது. சந்தைக்குப் போற வழியிலை வெடிச்சா ஒண்டும் கிடையாது. ஓட்டத்திலை வெடிச்சா நாலு பேராவது கைதட்டுவினம்.”

நான் வலை நூலை எடுத்து ரயரை இன்னொரு தரம் தைத்தேன்.

சந்தையால் வந்ததும் வெறும் வயிற்றோடு பனங்காணி மணலுக்குள் இறங்குவாய். பின்னால் வெங்காயச் சாக்குக் கட்டியிருக்கும். பாரத்தோடு பழகினால் வெறுமனே ஓடும்போது பறக்கலாம் என்பது உன் கணக்கு. பிளேன் சத்தம் கேட்டால் சைக்கிளையும் இழுத்துக்கொண்டுதான் பதுங்குகிற பங்கருக்குள் வருவாய். உள்ளே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது மூன்றாவது ஆளாகக் கிடக்கும்.

எங்களுக்குள் சண்டை காற்றைப் பற்றித்தான். கல்லில் ரியூப் வெட்டுப்படாமல் இருக்க நன்றாக இறுக்கி அடிக்க வேண்டும் என்பது என் கட்சி. மணலில் புதையாமல் இருக்கக் காற்றுக் குறைய வேண்டும் என்பது உன் கட்சி. நான் பின்னேரம் கல்லுப்போல அடித்துவிட்டுப் போனால் காலையில் ரயர் தொய்ந்து கிடக்கும். காற்று ஏற்றுகிற வால்கட்டையில் எச்சில் தடவிப் பார்த்தேன். ரியூபைக் கழற்றிச் சருவச்சட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி தேடினேன். ஒரு குமிழியும் இல்லை. நீ பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, “வடிவாப் பாருங்கோ, எங்கையோ ஓட்டை இருக்கும்” என்றாய். பனங்காணிக்குப் போகிற வேலிப் படலையடியில் குந்தியிருந்து நீயே வால்கட்டையைத் தளர்த்துவதை நான் கண்டபோது உனக்கு வந்த சிரிப்பில் சைக்கிளும் விழுந்தது, நீயும் விழுந்தாய்.

கடைசியில் சமாதானம் செய்தோம். மணல் முடியும் வரை உன் கட்சி. கல்லுத்தரை தொடங்கும் இடத்தில் நான் காற்றடிக்கிற பம்மோடு நிற்பேன், அங்கிருந்து என் கட்சி. பம் எங்களிடம் இல்லை. பக்கத்து வளவு அண்ணையிடம் இரவல் வாங்கினோம்.

ஓட்டத்தன்று பாவாடைக் கரையைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனாய். மணலில் இளந்தாரிகள் இறங்கித் தள்ளிக்கொண்டு வர, நீ இறங்காமலே வந்தாய். பம்மின் குழாயை வால்கட்டையில் திருகி, முழுப் பலத்தோடும் அடித்தேன்.

“காணும், விடுங்கோ!”

“பொறு, இன்னும் ரெண்டு இழுவை!”

நீ பொறுக்கவில்லை. மிதித்துவிட்டாய். குழாய் பம்மை விட்டுக் கழன்று சில்லோடு போய்விட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் சில்லுக்கு மேலிருக்கும் மட்காட்டில் அது டக் டக் என்று அடித்த சத்தம் எனக்குத் தூரம்வரை கேட்டது. அச்சுவேலியில் காத்து நின்றவர்களும் உன்னைக் காண முதல் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டார்களாம்.

இரண்டாவதாக வந்தாய். வல்வெட்டித்துறைப் பொடியன் ஒருவன் உன்னை முந்தியிருந்தான். எனக்கு முகம் கறுத்துப்போனது. நீயோ அந்த ஒற்றை ரயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு, “பாரம் முழுக்கப் பின்னுக்குத்தானே. முன்னுக்கு நீங்கள் தைச்சது காணும்” என்றாய். பம் தந்த அண்ணை வந்து, “என்ரை குழாயும் ரெண்டாமிடம், அதுக்கு என்ன பரிசு?” என்று கேட்க, ஊரே சிரித்தது.

அந்த ரயர் உன்னைச் சந்தைக்கு ஒருநாளும் தவறாமல் கொண்டுபோனது. பிறகு எல்லோரும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த அந்த மழை நாளில் எங்கள் அரிசி மூட்டை, சட்டி பானை, மூட்டைக்கு மேல் ஓட்டத்துக்குப் பிறகு பிறந்த எங்கள் மகள், எல்லாம் அந்த ஒரு ரயரின் மேல்தான் போயின. அன்று நான் கல்லுப்போல அடித்தேன். நீ வால்கட்டையைத் தொடவில்லை.

இன்று பேத்தி ஒட்டுப் போட்டு முடித்துவிட்டுப் பம்மை என்னிடம் நீட்டினாள். “நல்லா இறுக்கி அடியுங்கோ அம்மப்பா, நான் உடுப்பு மாத்திப்போட்டு வாறன்.”

இறுக்கித்தான் அடித்தேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அவள் உள்ளே போனதும் படலைப் பக்கம் சைக்கிளை உருட்டிப் போய், குந்தியிருந்து, உன்னைப்போலவே கொஞ்சம் திறந்துவிட்டேன். உஸ் என்றது. இத்தனை வருடம் கழித்து உன் கட்சிக்கு வந்துவிட்டேன்.

பின்னேரம் முகமெல்லாம் மணலோடு திரும்பி வந்தாள். “இண்டைக்குச் சைக்கிள் புதையவே இல்லை அம்மப்பா. ஏனெண்டுதான் விளங்கேல்லை.” பிறகு பின் ரயரை அமத்திப் பார்த்துவிட்டு, ரியூபைக் கழற்றிச் சருவச்சட்டியில் போட்டுக் குமிழி தேடிக்கொண்டிருக்கிறாள்.

“வடிவாப் பார் பிள்ளை, எங்கையோ ஓட்டை இருக்கும்” என்று சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். சனிக்கிழமை அவள் பஸ் ஏற முதல் உண்மையைச் சொல்லிவிடுவேன். மலையில் எவ்வளவு காற்று வேண்டும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஞாயிறு முடிந்து அவள் வந்து சொல்லட்டும். அவள் எத்தனையாவதாக வந்தாள், யாருடைய கட்சி வென்றது என்று வருகிற கிழமை எழுதுகிறேன். அதற்குள் பென்சிலையும் சீவி வைக்க வேண்டும்.